ஜன்னல் கண்ணாடியோடு சண்டை போடும் தேன்சிட்டு: எப்படி நிறுத்துவது?

சேலம் அஸ்தம்பட்டியில் தரைத்தள வீடு. மாசி பாதியிலிருந்து, மூன்று வாரமாக, ஓர் ஆண் ஊதாத் தேன்சிட்டு சமையலறை ஜன்னலைக் கொத்துகிறது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது வரை ஓயாது. கண்ணாடியெங்கும் ஊசி குத்தியதுபோல் அலகுத் தடம். இது கூடு கட்டும் காலம், தன் பிம்பத்தையே எதிரி என்று நினைக்கிறது. அது புரிகிறது.

உள்ளே திரை போட்டேன்; பிம்பம் இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். வெளியே சோப்பு தடவினேன், இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் சாக்கு கட்டினேன். ஐயா ஸ்கூட்டர் கண்ணாடிக்கு மாறிவிட்டார்! சமையலறையும் பகலிலேயே இருட்டு.

நாலடி தள்ளி செம்பருத்தியில் பை போலத் தொங்கும் கூடு. பெண் சிட்டு அடைகாக்கிறது. செடியில் கைவைக்க மாட்டேன்.

கூட்டைக் கலைக்காமல், வெளிச்சமும் போகாமல், ஜன்னலின் வெளிப்பக்கப் பிரதிபலிப்பை எதைக்கொண்டு மறைக்கலாம்?