ரீயூனியன்காரங்களுக்கு ஏன் தமிழ் வரல?

முத்தியால்பேட்டையான்: எங்க கெஸ்ட்ஹவுஸ்ல ரீயூனியன் (இந்தியப் பெருங்கடல்ல இருக்குற பிரெஞ்சுத் தீவு) ஃபேமிலி ஒன்னு தங்கியிருக்கு, பேரெல்லாம் நம்மூர் பேரு, நெத்தில விபூதி, ஆனா தமிழ் சுத்தமா வரல. பாரிஸ்ல இருந்து வர்ற நம்ம பாண்டி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) வீட்டு ஆளுங்க சண்டையே தமிழ்ல தான போடுறாங்க, இவங்களுக்கு மட்டும் ஏன்?

காரைக்கால்மணி: அது வேற கதை தலைவா. 1848ல அங்க அடிமைமுறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா பாண்டி, காரைக்கால்ல கப்பல் ஏத்துனாங்க, நிறைய பேரு திரும்பவே இல்ல. சொல்தா வீடுங்க, 1962ல பாண்டி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்ததுக்கு அப்புறமும் பிரெஞ்சு குடியுரிமைய வச்சிக்கிட்டவங்க, லீவு விட்டா ஊருக்கு வந்துடுறாங்க.

வில்லியனூர்காரி: தமிழ் தான் போச்சு, தீமிதி காவடிலாம் இன்னும் விடல அவங்க.

லாஸ்பேட்டை: ரொம்ப பெருமைப்படாதீங்க, பாரிஸ்ல பொறந்த எங்க அக்கா பையன் தமிழ்ல கேட்டா ஃபிரெஞ்ச்ல தான் பதில் சொல்றான்.