வெலிங்டன் மாதிரி விமானத்தின் மேல் வலைபோல் வரிகள்: தேய்த்துவிடலாமா?

பழைய வண்ணை:

என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பிளாஸ்டிக் விமானத்தை ஒட்ட உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானம், நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவு. இறக்கை மட்டும் 36 சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே மேசை பதினைந்து நாட்களாக அவனுடையது. எங்களுக்குச் சோறு தரையில்தான்.

உடம்பிலும் இறக்கையிலும் சாய்சதுரக் கட்டங்கள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. போர்வைக்கு அடியில் கம்பி வலையை வைத்ததுபோல் இருக்கிறது. வார்ப்புக் கோளாறு என்று நினைத்து நானே உப்புத்தாள் வாங்கி வந்து, இடது இறக்கை நுனியில் ஒரு விரல் அகலம் தேய்த்தும்விட்டேன். "அது அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று பையன் அழாத குறை. யார் சொல்வது சரி?

இன்னொன்று. கூட வந்த ஒட்டுத்தாளில் எல்.என். எழுத்துகள், 99ஆம் படைப்பிரிவு, பக்கத்தில் "மெட்ராஸ் பிரசிடென்சி" என்றிருக்கிறது. வெள்ளைக்காரன் விமானத்தில் நம் ஊர்ப் பெயர் எதற்கு?

பெரம்பூர் கேரேஜ்காரன்:

தம்பி, முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள். பையன் சொன்னதுதான் சரி. அந்த வலைதான் விமானமே.

முப்பத்து நான்கு வருடம் ரயில் பெட்டிகளில் ரிவெட் அடித்தவன் நான். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு விமானப் பத்திரிகையில் இதன் எலும்புக்கூட்டுப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டியில் வெளித்தகடும் சேர்ந்து பாரம் சுமக்கிறது. வெலிங்டனில் வெளியே இருப்பது வெறும் துணி, அயர்லாந்து லினன். அது எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. டோப் என்ற பூச்சைப் பல முறை பூசி அதை விறைப்பாக்குவார்கள். பறையை நெருப்பில் காட்டினால் தோல் இறுகுமே, அதுபோல.

சுமப்பதெல்லாம் உள்ளே இருக்கும் சட்டங்கள். அலுமினியக் கலவையில் செய்து, உடம்பைச் சுற்றி ஒரு வரிசை வலப்பக்கமாகவும் இன்னொரு வரிசை இடப்பக்கமாகவும் சுருண்டு ஓடும். விமானம் முறுக்கிக்கொள்ளும்போது ஒரு வரிசை இழுபடும், குறுக்கே போகும் வரிசை அமுங்கும். ஒன்றை மற்றது பிடித்து நிறுத்திவிடும். நடுவில் நாலைந்து சட்டம் அறுந்து போனாலும் பாரம் பக்கத்துச் சட்டங்கள் வழியாகச் சுற்றிப் போய்விடும். ஜியோடெடிக் என்று இதற்குப் பெயர். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளரின் கைவேலை. முதலில் ஆர்.100 ஆகாயக் கப்பலில் வேலை செய்தவர். பிற்பாடு அணையை உடைக்க நீரில் துள்ளிப்போகும் குண்டு செய்தவரும் இவரே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பொம்மை செய்கிறவர்கள் அந்த வரியைக் கொஞ்சம் மிகையாகத்தான் புடைக்க வைப்பார்கள். வண்ணம் பூசிய பிறகு தானே அடங்கும். நீங்கள் தேய்த்த இடத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு மேலே பூசச் சொல்லுங்கள்.

காசிமேடு மூங்கில்:

எங்கள் தாத்தா மீன்கூடை பின்னியவர். ஏலம் போடும் நேரத்தில் கூடையைக் காலால் தள்ளுவார்கள், லாரி மேலிருந்து வீசுவார்கள். இரண்டு மூங்கில் பிளாச்சு முறிந்த கூடை இன்னும் ஒரு மாதம் உழைக்கும். அலுமினியப் பெட்டி ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான். பெரம்பூர் அண்ணன் சொன்னதைப் படித்தவுடன் தாத்தா ஞாபகம் வந்தது.

கொருக்குப்பேட்டை கேட்:

கூடை, பறை எல்லாம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் துணி சுற்றிய குண்டுவீச்சு விமானம் போரில் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? ஒரு தீப்பொறி போதாதா?

பெரம்பூர் கேரேஜ்காரன்:

நியாயமான கேள்வி. தீதான் அதன் எமன். 1939 டிசம்பர் 18ஆம் தேதி பட்டப்பகலில் 22 வெலிங்டன்கள் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் கடற்பகுதிக்குப் போயின, 12 திரும்பவில்லை. ஆனால் பழியைத் துணியின் மேல் மட்டும் போடாதீர்கள். குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி அப்போது அவற்றில் இல்லை. பக்கவாட்டில் மேலிருந்து பாயும் எதிரியை நோக்கி அதன் துப்பாக்கிகளைத் திருப்பவும் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ்காரர்கள் இரவில் போகப் பழகினார்கள். அதே நாளில் தப்பி வந்த ஒன்று, மறு வருடக் கடைசி நாளில் எஞ்சின் கோளாறால் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. நம் மூர் மார்க்கெட் எரிந்த அதே 1985இல் அதை வெளியே எடுத்தார்கள். பேட்டரியில் இணைத்ததும் வால் விளக்கு எரிந்ததாம்! இன்று அது பிறந்த புரூக்லாண்ட்ஸிலேயே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தாங்கவில்லை என்றால் 11,400க்கும் மேல் செய்திருக்க மாட்டார்கள். வேல்ஸில் ஒரு தொழிற்சாலை 1943இல் ஒரு முழு விமானத்தை 24 மணி நேரத்துக்குள் பூட்டிக் காட்டியது. விளம்பரத்துக்காகத்தான். இருந்தாலும் ரிவெட் அடித்தவனுக்குத் தெரியும், அது என்ன வேலை என்று.

துணி உயிரைக் காத்த கதையும் உண்டு. 1941 ஜூலை 7 இரவு, ஜெர்மனியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு வெலிங்டனின் வலது எஞ்சின் பக்கம் தீப்பிடித்தது. ஜேம்ஸ் வார்ட் என்ற 22 வயது நியூசிலாந்துப் பையன், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கூரைத் திறப்பு வழியாக வெளியே வந்தான். துணியை உதைத்து ஓட்டை போட்டான்; உள்ளே இருந்த சட்டங்கள் அவனுக்குப் படிக்கட்டு ஆயின. ஒவ்வொரு ஓட்டையாகக் கால் வைத்து இறக்கை மேல் போய், கையில் கொண்டுவந்த கித்தான் உறையால் தீயை அமுக்கப் பார்த்தான். காற்று உறையைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஆனாலும் இறக்கைத் துணியில் எரிந்த தீ பரவவில்லை, விமானம் ஊர் வந்து சேர்ந்தது. தகடு போர்த்திய இறக்கையாக இருந்தால் எங்கே கால் வைப்பது? பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையைக் கொடுத்தார்கள். அதே செப்டம்பரில் ஹாம்பர்க் மேலே இறந்துபோனான்.

மெட்ராஸ் பெயரை மறந்துவிட்டேன். போர்க்காலத்தில் இங்கிருந்து நிதி திரட்டி விமானத்துக்குப் பணம் அனுப்பினார்கள். 99ஆம் படைப்பிரிவுக்கும் 264ஆம் படைப்பிரிவுக்கும் அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். 264 சண்டை விமானப் பிரிவு. வெலிங்டனை முதலில் வாங்கியதே 99தான், 1938 அக்டோபரில். 1942இல் இந்தியாவுக்கே வந்து பர்மாவில் ஜப்பானியரின் மேல் குண்டு போட்டது. நிதி என்பதில் எவ்வளவு மனமுவந்து, எவ்வளவு தாசில்தார் கண்ணுக்குப் பயந்து என்பதை அந்தக் காலத்துக் கிழவர்களிடம்தான் கேட்க வேண்டும். என் பாட்டி, "காதுத் தோட்டைக் கழற்றி ஒளித்து வைத்தேன்" என்பார்.

பழைய வண்ணை:

அண்ணா, எல்லாவற்றையும் பையனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உப்புத்தாள் குப்பைக்குப் போய்விட்டது. இப்போது வேறு வம்பு. ஊசியைக் காய்ச்சி வலது இறக்கையில் வார்ட் உதைத்த ஓட்டைகளைப் போடப்போகிறானாம்.

பெரம்பூர் கேரேஜ்காரன்:

போடட்டும். ஆனால் எல்.என். எழுத்தை ஒட்டிவிட்டு ஓட்டை போடக்கூடாது. வார்ட் 75ஆம் பிரிவு, அதன் எழுத்து ஏ.ஏ., அவன் போன விமானத்தின் எழுத்து ஆர். ஓட்டையா மெட்ராஸா, இரண்டில் ஒன்றை முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பழைய வண்ணை:

கேட்டேன். இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமாம்.