15,000 ரூபாய், 70 லிட்டர், 96 டிபி

குழு: மதுரை – கோவை குடும்பம் (அப்பா, அம்மா: கார்த்தியோட பெற்றோர்; நிலா: மாமா மகள்)

சனிக்கிழமை

காலை 9:12
கார்த்தி: மாமா, ஹாலுக்கு ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கேன். கடையில ஒண்ணு பார்த்தேன். அட்டையில 5,000 வாட்னு போட்டிருக்கு, விலை 14,500. என் பட்ஜெட் 15,000. எடுத்துரவா?

மாமா: பின்னாடி பிளக் வயர் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல எத்தனை வாட்னு பாத்தியா மாப்ள?

கார்த்தி: போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இருங்க

கார்த்தி: 80 வாட்

மாமா: கரண்டு 80 வாட் உள்ள போகுது, சத்தம் 5,000 வாட் வெளிய வருது. இதை ஈபி ஆபீஸ்ல சொல்லிராத, தூக்கிட்டுப் போயிருவாங்க 😄

நிலா: அப்பா ஆரம்பிச்சிட்டாரு

மாமா: வாட்டைப் பாக்கவே பாக்காத. 1 வாட் குடுத்து 1 மீட்டர் தள்ளி நின்னா எத்தனை டிபி (சத்தத்தோட அளவு) கேக்குதுன்னு பாரு. மைக் செட் தொழில்ல நாங்க பாத்தது அது ஒண்ணுதான். பங்குனித் திருவிழாவுக்குக் கட்டுற குழாய்க்கு எத்தனை வாட் யூனிட்னு நினைக்கிற? 25, 30. அடுத்த ஊர்க்காரன் வந்து சத்தத்தைக் குறைன்னு சொல்லுவான்.

கார்த்தி: அது குழாய் மாமா, கரகரன்னு இருக்கும். பாட்டு கேக்க முடியுமா?

மாமா: கரகரன்னு இருக்கறதுக்கு டீக்கடைக்காரன் வால்யூமைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சதுதான் காரணம். குழாய் மேல பழி போடாத.

நிலா: கார்த்தி அத்தான், கணக்கு சொல்றேன். 3 டிபி கூடணும்னா ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பவர் ரெண்டு மடங்கு வேணும். 10 டிபி கூடணும்னா பத்து மடங்கு. கடையில விக்கிற சின்ன ஸ்பீக்கர் 86 டிபி இருக்கும்னு வைங்க. 96 டிபி ஸ்பீக்கர் 30 வாட்ல போடுற சத்தத்தை அது போடணும்னா 300 வாட் வேணும். அவ்வளவு பவர் உள்ள போனா உள்ள இருக்கிற சின்னக் கம்பிச் சுருள், வாய்ஸ் காயில், தாங்காது.

கார்த்தி: அப்ப 96 டிபி ஸ்பீக்கர் என்ன விலை?

நிலா: கடையில கேட்டா மயக்கம் வரும். நாமளே செஞ்சா உங்க பட்ஜெட்டுக்குள்ள முடியும்.

திவ்யா: ஒரு நிமிஷம். "நாமளே செஞ்சா"னா எங்க வீட்டு ஹால்லயா?

மாமா: ஆமா தாயி. ரெண்டே ரெண்டு பாக்ஸ். ஒவ்வொண்ணுலயும் கீழ பேஸுக்கு வூஃபர், மேல கீச்சு சத்தத்துக்கு ஹார்ன், அதாவது குழாய்.

திவ்யா: அளவு?

மாமா: அகலம் 45, உயரம் 60, ஆழம் 36. எல்லாம் செ.மீ.

திவ்யா: ஹால்ல ரெண்டு வாஷிங் மெஷின் வச்ச மாதிரி இருக்கும் மாமா

மாமா: வாஷிங் மெஷினை விடச் சின்னதுதான்மா. ஸ்க்ரூ போட்டு இறுக்கிருவோம், ஆடாது.

காலை 10:05
திவ்யா: டேப் வச்சு அளந்துட்டேன். டிவி யூனிட்டுக்கு ரெண்டு பக்கமும் 52 செ.மீ. இருக்கு. நிக்கும், ஆனா எனக்கு இஷ்டமில்ல. இதையே பாதியாக் குறைச்சா என்ன போகும்?

நிலா: நல்ல கேள்வி அக்கா. மூணு விஷயம் இருக்கு: பாக்ஸ் சின்னதா இருக்கணும், பேஸ் ஆழமா இறங்கணும், குறைஞ்ச வாட்ல நிறைய சத்தம் வரணும். மூணுல எதாவது ரெண்டுதான் எடுத்துக்கலாம். இதுக்குப் பேரே ஹாஃப்மனோட இரும்பு விதி. கேஎல்எச்ங்கிற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியில "எச்" அவருதான். எத்தனை லட்சம் குடுத்தாலும் அதைத் தாண்ட முடியாது.

திவ்யா: அப்ப கடையில சின்னப் பெட்டியில பேஸ் அடிக்குதே?

நிலா: அங்க சத்தத்தை விட்டுக் குடுத்திருக்காங்க. 1954ல எட்கர் வில்ச்சர் ஏஆர்-1னு ஒரு மூடின பெட்டி கொண்டு வந்தாரு. அளவுக்குச் சின்னது, பேஸ் பிரமாதம், ஆனா ஆம்ப் கரண்டைக் குடிக்கும். ஆம்ப் பவர் வரவர மலிவாச்சு, எல்லாரும் அந்த வழியில போயிட்டாங்க. அதுக்கு நேரெதிரா அமெரிக்காவுல ஆர்கன்சாஸ் பக்கம் ஹோப்னு ஒரு ஊர்ல பால் கிளிப்ஷ் 1946ல ஒண்ணு செஞ்சாரு. பேஸுக்கும் ஹார்ன், ரூம் மூலையே அந்த ஹார்னோட கடைசிப் பகுதி. சில வாட்டு வால்வ் ஆம்ப் போதும். அது இன்னைக்கும் விக்குது.

மாமா: பணம் இல்லாதவன் இடத்தைக் குடுக்கணும், இடம் இல்லாதவன் பணத்தைக் குடுக்கணும் தாயி. இவன்கிட்ட பணம் இல்ல.

கார்த்தி: நன்றி மாமா 🙏

அப்பா: நான் ஒண்ணு சொல்லலாமா. டிவியில சத்தம் வருது, வார்த்தை வரல. செய்தி வாசிக்கிறது பாதி புரியல. அதுக்கு எதாவது வழி இருந்தா யார் என்ன செஞ்சாலும் சரி.

மாமா: அத்தான், இதுல அதுக்கும் வழி இருக்கு. ஹார்ன் சத்தத்தை நேரா ஆள் பக்கம் அனுப்பும். சுவர்லயும் கூரையிலயும் பட்டுத் திரும்பி வர்றது கம்மி. எதிரொலி குறைஞ்சா வார்த்தை தெளியும். உங்க ஹால் டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், அதான் குழையுது. திரைச்சீலை கனமாப் போட்டா இன்னும் நல்லது.

திவ்யா: வீட்ல இருக்கிற மாமாவுக்கு செய்தி புரியும்னா யோசிக்கிறேன். யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்.

மதியம் 1:40
கார்த்தி: ஒரு 12 இன்ச் கார் சப்வூஃபர் ஆஃபர்ல வருது மாமா. 1,800தான். அதையே போட்டா?

மாமா: வேணாம். அதோட கோன் (அதிருற கூம்பு) கனம், காந்தத்துக்கு அதைத் தூக்கவே சீவன் போயிரும். காருக்குள்ள சின்ன இடம், அங்க சரி. நமக்கு வேண்டியது மேடைக்குப் போடுற பிஏ வூஃபர். பேப்பர் கோன், ஓரத்துல துணி மடிப்பு, கையால தொட்டா விறைப்பா இருக்கும்.

கார்த்தி: உங்க பழைய கடை சாமான்ல 12 இன்ச் ரெண்டு கிடக்குமே, கோன் மாத்திப் போட்டா காசு மிச்சம்தான?

மாமா: கிடக்கு. ஆனா இப்ப கிடைக்கிற கோன் வேற எடை, காயில் வேற. ரெண்டும் ஒரே மாதிரி பாடாது. கல்யாண மண்டபத்துக்குன்னா அனுப்பிருவேன், வீட்டுக்கு வேணாம். புதுசா ஒரே மாடல்ல ஜோடியா எடு.

நிலா: டேட்டாஷீட் உள்ளதா எடுங்க அத்தான். நான் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். எஃப்எஸ், அதாவது கோன் தானா ஆடுற வேகம், 50 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 50 தடவை); விஏஎஸ், கோனோட இளக்கத்துக்குச் சமமான காத்து, 80 லிட்டர்; க்யூஇஎஸ், காந்தப் பிடியைக் காட்டுற எண், 0.4. அட்டையில 99 டிபினு போட்டிருக்கான். இந்த மூணு எண்ணை வச்சுக் கணக்குப் போட்டா எஃபிஷியன்சி (குடுக்கிற கரண்டுல சத்தமா மாறுறது) 2.4 சதவீதம், அதாவது 96 டிபிதான் வருது.

கார்த்தி: 2.4 சதவீதமா? இதுக்கா இவ்வளவு பில்டப்?

நிலா: 86 டிபி ஸ்பீக்கர்ல கால் சதவீதம் அத்தான். மீதி பூரா காயில் சூடு. இது பத்து மடங்கு.

மாமா: இந்த எஃப்எஸ், க்யூ எல்லாம் எங்க காலத்துல யாருக்குத் தெரியும். பாக்ஸ் செஞ்சு, பாட்டுப் போட்டு, பேஸ் காத்து வெளிய வர்ற ஓட்டையை அட்டை வச்சு மறைச்சு மறைச்சுப் பாப்போம்.

நிலா: தீல்னு ஆஸ்திரேலியாக்காரர் 1961லயே எழுதிட்டாருப்பா. உங்க கடைக்குத்தான் வந்து சேரல.

மாமா: 🎤 குரல் பதிவு (4:26)

அப்பா: மச்சான், எழுதிப் போடு. எனக்குக் கேக்காது.

நிலா: நான் கேட்டுச் சுருக்கமா எழுதுறேன் மாமா. பிளைவுட் 18 மி.மீ. எடுக்கணும், எம்டிஎஃப் (அமுக்கின மரநார்ப் பலகை) வேணாம், மாப் போடுற தண்ணி பட்டா அடியில ஊதிரும். 8க்கு 4 அடி பலகை ஒண்ணே ரெண்டு பாக்ஸுக்கும் போதும். கடையில மெஷின்லயே வெட்டித் தருவான். செ.மீ. கணக்குல 45க்கு 60 நாலு, 60க்கு 32.4 நாலு, 41.4க்கு 32.4 நாலு. மிச்சத் துண்டை உள்ள குறுக்குச் சட்டமாப் போடணும், இல்லேன்னா பக்கப் பலகையும் சேர்ந்து பாடும். ஃபெவிகால் தாராளமா, காத்து ஒழுகக் கூடாது. ஓட்டைக்கு 4 இன்ச் பிவிசி பைப். 70 லிட்டர் பாக்ஸுல பேஸ் 48 ஹெர்ட்ஸ்ல நிக்கணும்னா நீளம் 7, 8 செ.மீ. வரும். முதல்ல 10 செ.மீ. வெட்டிப் பொருத்தி, கேட்டுப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா அறுக்கணும். குறைக்கலாம், கூட்ட முடியாது. (கடைசி ஒரு நிமிஷம் 1992ல ஒரு கட்சிக் கூட்டத்துல ஆம்ப் எரிஞ்ச கதை. அதை விட்டுட்டேன்.)

மாமா: அதுதான் முக்கியமான இடம் 😡

கார்த்தி: 48 ஹெர்ட்ஸ் போதுமா? தியேட்டர்ல நெஞ்சு அதிருமே, அது வேணும் எனக்கு.

நிலா: பேஸ் கிட்டாரோட கடைசித் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். மூலையில வச்சா சுவர் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். வெடிகுண்டுக் காட்சிக்கு 25 ஹெர்ட்ஸ் வேணும்னா அதுக்குத் தனியா ஒரு பாக்ஸ்.

திவ்யா: மூணாவது பாக்ஸ்னு யாராவது டைப் பண்ணா குரூப்ல இருந்து எடுத்துருவேன். நான்தான் அட்மின்.

மாலை 6:30
கார்த்தி: மேல ஹார்னுக்கு கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டா போதும்னு இங்க எலக்ட்ரிகல் கடையில சொல்றாங்க மாமா. 10 மைக்ரோ.

மாமா: அது ஆட்டோவுல கட்டுற பாக்ஸுக்கு. ஒரு கெப்பாசிட்டர் மட்டும் போட்டா கீழ்ச்சத்தம் மெதுவாத்தான் குறையும். யூனிட்டுக்குள்ள அதிருற தகடு, டயஃப்ரம், மெல்லிசு; அதுக்குக் கீழ்ச்சத்தம் போனா கத்தும், அப்புறம் கிழியும். கெப்பாசிட்டரோட காயிலும் சேரணும்.

நிலா: 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ வூஃபர், மேல ஹார்ன்னு பிரிக்கிறோம். 8 ஓமுக்கு 6.8 மைக்ரோ கெப்பாசிட்டர், 0.9 மில்லி ஹென்றி காயில். வூஃபருக்கும் அதே மதிப்புதான், ஆனா இடம் மாறும்: அங்க காயில் வரிசையில, கெப்பாசிட்டர் குறுக்க. ஃபிலிம் கெப்பாசிட்டர், 100 வோல்ட்டுக்குக் குறையாம.

மாமா: இப்பிடிப் பிரிச்சா ஹார்னோட ரெண்டு வயரையும் மாத்திப் போடணும், பிளஸ் இடத்துல மைனஸ். இல்லேன்னா 2,000 கிட்ட பள்ளம் விழும், பாடகர் தூரமாப் போயிருவாரு. ரெண்டு விதமாவும் போட்டுக் கேளு, எது நெருங்கி வருதோ அதை வச்சுக்க.

கார்த்தி: ஹார்ன் யூனிட் 106 டிபினு போட்டிருக்கே, வூஃபர் 96தான?

மாமா: அதனாலதான் அடக்கணும். ரெசிஸ்டர் ரெண்டு: வரிசையில 5.6 ஓம், யூனிட்டுக்குக் குறுக்க 3.9 ஓம். 10 டிபி குறையும். 10 வாட் பீங்கான் ரெசிஸ்டர்.

கார்த்தி: கஷ்டப்பட்டு எஃபிஷியன்சி தேடிட்டு ரெசிஸ்டர்ல வீணாக்குறோமே?

மாமா: ஹார்ன் சத்தத்துக்கு வூஃபர் எட்டாதுல்ல. மெதுவா ஓடுறவனுக்குத்தான் மத்தவன் நிக்கணும். இன்னொண்ணு, ஆம்ப்ல சும்மா இருக்கும்போது "ஸ்ஸ்"னு ஒரு சத்தம் இருக்கும். 86 டிபி ஸ்பீக்கர்ல கேக்காது, ஹார்ன்ல நல்லாக் கேக்கும். ரெசிஸ்டர் அதையும் அமுக்கிரும்.

நிலா: ஆம்புக்கு டிபிஏ3116 சிப் போட்ட சின்ன போர்டு போதும். 24 வோல்ட் சப்ளை குடுத்தா 8 ஓம்ல பக்கத்துக்கு 30 வாட் அளவுக்கு வரும். சப்ளையைத் திறந்து வைக்காதீங்க அத்தான், 230 வோல்ட் பக்கம் மூடி இருக்கணும்.

அம்மா: குழந்தை கை போடும்டா, ஜாக்கிரதை. நிலா நீ எப்ப ஊருக்கு வர்ற?

நிலா: அடுத்த வாரம் அத்தை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாம் நானே வாங்கிட்டு வந்துடறேன். தோராயமா: வூஃபர் ஜோடி 5,000, யூனிட்டும் ஹார்னும் ரெண்டு செட் 3,000, பிளைவுட் 3,000, வெட்டுக்கூலி பசை ஸ்க்ரூ 1,000, கிராஸ்ஓவர் (கெப்பாசிட்டர், காயில், ரெசிஸ்டர்) சாமான் 1,200, ஆம்ப் சப்ளை 1,300.

கார்த்தி: 14,500! அந்த 5,000 வாட் விலையேதான்.

திவ்யா: டிவி யூனிட்டுக்கு மேட்ச்சா மைக்கா ஒட்டணும். அது இந்தக் கணக்குல இல்ல. அதை ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன். மேல பூச்சட்டி வைக்கலாமா?

மாமா: வைக்காத தாயி, அதுவும் பாடும். துணி விரிச்சுக்க.

மாமா: நிலா, கடைக்கு மல்டிமீட்டர் கொண்டு போ. 8 ஓம் வூஃபர்னா மீட்டர்ல 6 பக்கம் காட்டும். விரலை விரிச்சு கோனை எல்லாப் பக்கமும் சமமா அமுக்கிப் பாரு, உள்ள உரசுற சத்தம் வந்தா அப்பவே திருப்பிக் குடு. ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டா கோன் வெளிய வரணும், அந்த முனைதான் பிளஸ். ரெண்டு வூஃபரும் ஒரே மாதிரி வரணும்.

நிலா: சரிப்பா

மாமா: மாப்ள, பலகையை நாளைக்கே வெட்டிக்க. ஆனா முன் பலகையில வூஃபர் ஓட்டை மட்டும் போடாத. 12 இன்ச்னு எல்லாரும் சொல்லுவான், ஒவ்வொருத்தன் ஃபிரேமும் ஒரு அளவு. பொருள் கைக்கு வந்தப்புறம் அளந்து வட்டம் போடு.

கார்த்தி: சரி மாமா. ஸ்பீக்கர் வயருக்கு ஆக்சிஜன் இல்லாத காப்பர்னு மீட்டர் 400 ரூபாய்க்கு இருக்கு, அது எத்தனை மீட்டர் வேணும்?

மாமா: வீட்டு வயரிங்ல மிஞ்சின ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர் கிடக்கும் பாரு. அது போதும்.