மெயினுக்கு இரண்டு அப்ரூவல் தேவையா?

கொட்டாஞ்சேனை_கோடர்:
கிட்ஹப்பில (கோட் வைக்கிற தளம்) மெயின் பிராஞ்சுக்கு (எல்லாரின்ர வேலையும் வந்து சேருற கோட்) மூண்டு பூட்டு எண்டு வையுங்கோ: (1) இரண்டு பேர் பாத்துக் குடுக்கிற அப்ரூவல், (2) புதுக் கொமிட் (கோட் மாற்றம்) ஏறினால் பழைய அப்ரூவல் ரத்து, (3) மேர்ஜுக்கு (மெயினில சேர்க்கிறதுக்கு) முதல் பிராஞ்ச் மெயினோட சமமா நிக்கவேணும். டீமில பாதி கொழும்பு, பாதி லண்டன். என்ன செலவு வரும்?

வெள்ளவத்தை_வாசி:
மூண்டாவதுதான் காசைத் தின்னும். 8 பிஆர் (மெயினில சேர்க்கச் சொல்லி அனுப்புற மாற்றம்) ரெடியா நிண்டால், ஒண்டு உள்ள போனதும் மற்ற 7உம் பழசு. திரும்ப அப்டேட், திரும்ப சிஐ (தானா ஓடுற சோதனை). 8+7+6 எண்டு 1 வரைக்கும் கூட்டினால் 36 ஓட்டம். ஓட்டத்துக்கு 12 நிமிஷமெண்டால் 7 மணித்தியாலத்துக்கு மேல. மேர்ஜ் கியூ (பிஆரை வரிசையில விட்டுச் சேர்க்கிறது) போட்டால் குறையும்.

இரண்டு அப்ரூவலின்ர செலவு கண்ணுக்குத் தெரியாது. லண்டனில காலமை 9 எண்டால் இஞ்ச 1.30, அங்க குளிர்காலமெண்டால் 2.30. அவை பின்னேரம் கொமென்ட் போடேக்க இஞ்ச ஆக்கள் வீட்டில. ஒரு சுற்றுக்கு ஒரு நாள். அந்த நாளை மிச்சம்பிடிக்க நாலு சின்ன மாற்றத்தை ஒண்டாக் கட்டி அனுப்புவினம். 150 வரி 600 ஆகும். 600 வரியை ஆர் வாசிக்கிறது? "நல்லாயிருக்கு" எண்டு அமத்திப்போட்டுப் போவினம்.

மெயின்_காவலன்:
வாசி அண்ணை, (2) இல்லாட்டி 40 வரிக்கு அப்ரூவல் எடுத்துப்போட்டு மேல 400 வரி ஏத்தி மேர்ஜ் பண்ணலாம். கிட்ஹப் மறிக்காது.

காசு கழிக்கிற கோட்டையும் பாருங்கோ. டைம்அவுட் ஆனால் (பதில் வராட்டி) ரீட்ரை, மொத்தம் மூண்டு தரம் அனுப்பும். ஐடெம்பொட்டன்சி கீயை (திரும்ப வந்தாலும் இது அதே கட்டளைதான் எண்டு காட்டுற அடையாளம்) ரீட்ரை லூப்புக்கு வெளியில செய்யாமல் உள்ள செய்தால் ஒவ்வொரு தரமும் புதுக் கீ. முதல் இரண்டும் மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் ஒரே ஆளிட்ட மூண்டு தரம் காசு போகும். டெஸ்ட் எல்லாம் பச்சை, ஏனெண்டால் மொக் (டெஸ்டுக்கு வைக்கிற போலிச் சேவை) டைம்அவுட் ஆகிறதேயில்லை. ஒருத்தர் விட்டதை இரண்டாவது ஆள் பிடிக்கலாம். 2024இல எக்ஸ்இசட் எண்ட ஃபைல் சுருக்குற மென்பொருளில ஒளிச்சு வைச்ச பின்கதவும் ஒருத்தரை நம்பினதால வந்ததுதானே?

வெள்ளவத்தை_வாசி:
எக்ஸ்இசட்டை இழுக்காதேங்கோ தம்பி. அதைக் கிளப்பிவிடுற பில்ட் வரி ரிலீஸ் டார்போலில (வெளியிடேக்க கட்டுற கோட் பொதி) மட்டும்தான் இருந்தது, எல்லாரும் பாக்கிற கிட் கோட்டில இல்லை. மெயினுக்கு 6 அப்ரூவல் கேட்டிருந்தாலும் கண்ணில பட்டிருக்காது.

(2) சரி, வையுங்கோ. ஆனால் ரீட்மீ (விளக்கக் குறிப்பு) எழுத்துப்பிழைக்கும் ஏன் இரண்டு பேர்? எண்ணிக்கையை 1இல விட்டு, கோட் ஓனர் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஆள்) அப்ரூவலை ஒன் பண்ணி, பேமென்ட்ஸுக்கும் மைக்ரேஷனுக்கும் (டேட்டாபேஸ் மாற்றம்) மட்டும் ஓனர் எழுதினால் காணும். மைக்ரேஷனில, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில கன்கரன்ட்லி எண்ட சொல் இல்லாமல் இன்டெக்ஸ் செய்தால் அது முடியுமட்டும் டேபிளில எழுதுறதை மறிக்கும். அதைப் பிடிக்க மனுசர் வேண்டாம், சிஐயில ஒரு லின்ட் (கோட்டைத் தானாப் பாக்கிற) விதி போதும்.

மெயின்_காவலன்:
ஓனர் பேர் எழுதுற அந்தக் கோட்ஓனர்ஸ் ஃபைலில கடைசியாப் பொருந்துற வரிதான் செல்லும். எல்லா ஃபைலுக்கும் பொருந்துற நட்சத்திர (*) வரியைக் கீழ போட்டால் மேல எழுதின பேமென்ட்ஸ் வரி சத்தமில்லாமல் செத்துப்போம். மூண்டு ஓனர் எழுதினாலும் ஒருத்தர் ஓம் எண்டால் விட்டிடும். ஒரே ஓனர் எண்டால் அவர் எழுதின பிஆர் நிண்டுபோம், தன்ரயைத் தானே அப்ரூவ் பண்ணேலாது.

கொட்டாஞ்சேனை_கோடர்:
அப்ப இஞ்ச இரண்டு ஓனர். போயா (பௌர்ணமி) லீவுக்கு?

வெள்ளவத்தை_வாசி:
மூண்டாவது ஆள் லண்டனில.