புளியங்கொட்டையில் இரும எண்கள்: எங்கள் வகுப்புகளில் நடந்தவை

பென்னாகரம் பக்கத்துக் கிராமம், மாலை வகுப்பு நடத்துபவர்:

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எழுதும் இரும எண்களைச் சொல்லித்தர முதலில் முயன்றபோது, பலகையில் 8, 4, 2, 1 என்று எழுதி, அவற்றின்கீழ் ஒன்றுகளையும் சுழியங்களையும் போட்டுக் காட்டினேன். அன்று எல்லோரும் சரியாகவே விடை சொன்னார்கள். மறுநாள் 13ஐ எழுதச் சொன்னபோது, பாதிப் பேர் அதைப் பத்தாகவும் மூன்றாகவும் பிரித்துக்கொண்டு விழித்தார்கள். ஏன் இரண்டிரண்டாகப் பெருக வேண்டும் என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வகுப்பு நடக்கும் திண்ணை வீட்டில் ஒரு மூதாட்டி கேழ்வரகு அளந்துகொண்டிருந்தார். அவரிடம் ஆழாக்கு, உழக்கு, உரி, படி ஆகிய நான்கையும் கேட்டு வாங்கினேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. "பதின்மூன்று ஆழாக்குக் கேழ்வரகு வேண்டும், ஆனால் எந்த அளவையையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது" என்றேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் படியை நிரப்பினான், உரியை நிரப்பினான், உழக்கைக் கையில் எடுத்துச் சற்று யோசித்துவிட்டு, "இது வேண்டாம், ஆயா" என்று அந்த மூதாட்டியிடம் சொல்லி அதைத் தரையில் கவிழ்த்து வைத்தான். பிறகு ஆழாக்கை நிரப்பினான். நிமிர்ந்திருந்தவை மூன்று, கவிழ்ந்திருந்தது ஒன்று. நிமிர்ந்ததை 1 என்றும் கவிழ்ந்ததை 0 என்றும் எழுதச் சொன்னேன்: 1101. சுழியம் முதல் பதினைந்து வரை எந்த அளவுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதை அதன்பின் அவர்களே அளந்து அளந்து கண்டுகொண்டார்கள்.

கைவினைக்குப் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் பருவத்தில் வீடுதோறும் புளி தட்டிக் கொட்டை நீக்குவார்கள் என்பதால் அதற்குக் காசு செலவில்லை. தாயக்கட்டை இல்லாதபோது பெரியவர்கள் செய்வதுபோல, கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். வெள்ளை 1, பழுப்பு 0. ஏழு கொட்டைகளை வரிசையாக வைத்து, வலக்கோடியிலிருந்து ஒன்று கூட்டிப் பழகினார்கள்: பழுப்பாக இருந்தால் வெள்ளையாகத் திருப்பி நிறுத்திக்கொள், வெள்ளையாக இருந்தால் பழுப்பாகத் திருப்பிவிட்டு இடப்பக்கம் நகர். நான் பலகையில் அரைமணி நேரம் விளக்கியும் பதியாதது, இந்த ஒரு விதியால் அவர்கள் விரல்களில் பதிந்துவிட்டது.

அடுத்து, பழைய திருமண அழைப்பிதழ்களைப் பட்டையாக நறுக்கி, அவரவர் பெயரின் முதலெழுத்தைக் கொட்டைகளால் ஒட்டினோம். இந்தச் செய்முறையை வழக்கமாக ஆங்கில எழுத்துகளைக் கொண்டுதான் சொல்லித்தருகிறார்கள். நம் பிள்ளைகள் தம் பெயரைத் தமிழில் பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு உரியவை. 2944ஐக் கழித்துவிட்டால் எஞ்சும் எண்ணுக்கு ஏழு கொட்டைகள் போதும். அப்படிக் கழித்தால் 'அ' 5, 'க' 21, 'ம' 46.

பெயர் மகரத்தில் தொடங்கும் சிறுமி ஒருத்தி 0101110 என்று பிழையின்றி ஒட்டியிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த தோழி அதைத் தன் பக்கமிருந்து படித்து 58 என்றாள். அட்டவணையில் 58ஆம் இடத்தில் எழுத்தே இல்லை. ஒட்டியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவள், தானாகவே எழுந்துபோய்ச் சிவப்பு நூல் ஒன்றைக் கொண்டுவந்து இடக்கோடியில் முடிந்தாள். இப்போது எல்லாப் பட்டைகளிலும் அந்த நூல் இருக்கிறது. அன்று ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியவில்லை: 'க' 21 என்றால், அடுத்து வரும் 'ங' ஏன் 22ஆக இல்லாமல் 25ஆக இருக்கிறது?

தேன்கனிக்கோட்டை, பள்ளி ஆசிரியை:

அந்தக் கேள்வி என் வகுப்பிலும் எழுந்தது. விடை சொன்னவன் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவன். எங்கள் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் பலர் என்பதால், தெலுங்குக்கு 3072ஐயும் கன்னடத்துக்கு 3200ஐயும் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மூன்று மொழிக்காரர்களும் ககரத்துக்கு ஒரே பட்டையைச் செய்து நீட்டியபோது வகுப்பே வியந்துபோனது. 21, மூன்றிலும் 21. "மிஸ், எங்கள் எழுத்தில் க-வுக்குப் பிறகு இன்னும் மூன்று க இருக்கிறதே, அவைதான் அந்த இடத்தில் இருக்கின்றன" என்றான் அந்த மாணவன். அதுவே சரியான விடை. இந்திய எழுத்துகளுக்குக் கணினி எண் தந்த 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு வரிசையை (ISCII) ஒட்டி ஒருங்குறியில் இந்திய எழுத்துகளுக்கு ஒரே அமைப்பில் இடம் தரப்பட்டது. தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்கள் நமக்குக் காலியாக விடப்பட்டன. றன்னகரத்தின் ('ன') இடமான 41 தெலுங்கிலும் கன்னடத்திலும் காலியாக இருப்பதைக் கண்டபோது தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெருமகிழ்ச்சி.

செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முழுப் பெயரில் தொடங்காதீர்கள். 'ஓசூர்' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ 'ஓ', 'ச', ஊகாரக் குறி, 'ர', புள்ளி என ஐந்து. புள்ளிக்கே 77 என்று தனி எண் இருப்பதால் அதற்கும் ஏழு கொட்டைகள் வேண்டும்; மொத்தம் 35 கொட்டைகள் தேய்ப்பதற்குள் சிறுவர்களின் விரல் நுனி எரியத் தொடங்கிவிடுகிறது.

அரூர், தமிழாசிரியர்:

மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டு, நான் இதை யாப்பு வகுப்பில் செய்து பார்த்தேன். நேரசைக்குப் பழுப்பு, நிரையசைக்கு வெள்ளை. இரண்டு கொட்டைகளில் தேமா, கூவிளம், புளிமா, கருவிளம் என்னும் நான்கும் வந்துவிட்டன. மூவசைச் சீர்களை எழுதச் சொன்னால் எட்டில் ஒன்றையாவது விட்டுவிடுவதோ ஒன்றையே இருமுறை எழுதுவதோ என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் கண்ட பிழை. இம்முறை வலக்கோடியிலிருந்து திருப்பும் விதியைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றும் பழுப்பான தேமாங்காயில் தொடங்கி, மூன்றும் வெள்ளையான கருவிளங்கனி வரை ஒன்றும் விடாமல் எட்டையும் எழுதி முடித்தார்கள். நாலசைச் சீர்கள் பதினாறையும் வரும் வாரம் எடுக்கவிருக்கிறேன்; அதற்காக ஆளுக்கு நான்கு கொட்டைகளை அவர்கள் இப்போதே தேய்த்துப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.