பன்னாட்டுக் கருத்தரங்குல யாரைப் பாத்தீங்க? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டை, ஆய்வு மாணவர்:

அபிஷேகப்பட்டி பல்கலைக்கழக வளாகமோ பாளையங்கோட்டைக் கல்லூரியோ, வருசம் தவறாம எங்கயாவது ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்துக்கிட்டுதான் இருக்கு. இந்தியப் பெருங்கடல், தென்கிழக்காசியா, இந்திய-ரஷ்ய உறவு, புலம்பெயர்வுன்னு தலைப்பு மாறும். வாசிச்ச கட்டுரையெல்லாம் தொகுப்பா வந்து அலமாரிக்குப் போயிரும். ஆனா அங்க பாத்த ஆட்களை மறக்க முடியல. உங்களுக்கும் அப்படி யாராவது உண்டுன்னா எழுதுங்க. நான் ஆரம்பிக்கேன்.

புலம்பெயர்வு பற்றின அமர்வு. இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தை விளக்கிட்டிருந்தார். இலங்கைத் தோட்டங்கள்ல வேலை பாத்த மலையகத் தமிழர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமைன்னு திரையில அட்டவணை. கடைசி வரிசையில ஒரு ஆச்சி. எம்.ஏ. படிக்கிற பேத்தியோட துணைக்கு வந்திருந்தாங்க. திடீர்னு எந்திரிச்சாங்க.

"ஐயா, கணக்கு இடிக்கே. எங்க காலத்துல ஒம்பதே முக்கா லட்சம்னுல்லா சொன்னாவ. மிச்ச ஒண்ணரை லட்சம் எங்க?"

பேராசிரியர் ஒரு நிமிசம் அசந்துட்டார். அந்த 1,50,000 பேர் விசயத்தைப் பிறகு பாத்துக்கலாம்னு 1964ல தள்ளிப் போட்டதையும், 1974ல சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000ன்னு பிரிச்சுக்கிட்டதையும் சொன்னார். "ஆட்டுக்குட்டியப் பங்கு வச்ச மாதிரி"ன்னு சொல்லிட்டு ஆச்சி உக்காந்துட்டாங்க.

மதியம் அவர் தட்டைத் தூக்கிட்டு நேரா ஆச்சி பக்கத்துல போய் உக்காந்தார். "எந்தத் தோட்டம் ஆச்சி?" ஹட்டன் பக்கம். தலைமன்னார் வரைக்கும் ரயிலு, அங்கிருந்து கப்பல்ல ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நூற்பாலை வேலை. ஒவ்வொரு இடத்துலயும் யார் என்ன கேட்டா, எந்தச் சாமானை எடுத்துக்கிட்டா, எதை விட்டா எல்லாம் ஆச்சிக்கு ஞாபகம் இருந்தது. அவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்ல. சாப்பாட்டுக்குப் பிறகு அவர்தான் தலைமை தாங்கணும். அமைப்பாளர் வாசலுக்கும் பந்திக்கும் நடந்த நடையைப் பாக்கணுமே!

தூத்துக்குடியிலிருந்து:

கப்பல்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2011 ஜூன்ல தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் விட்டாங்கள்ல, அது ஓடின சமயத்துல எங்க கல்லூரிக் கூட்டத்துக்கு ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியை அதுலதான் வந்தாங்க. ராத்திரிப் பயணம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மேடையேறினதும், "வ.உ.சி. 1906ல் கொம்பனி தொடங்கின துறைமுகத்துக்கு நான் கப்பலிலேயே வந்திறங்கினேன், எனக்கு இது போதும், கட்டுரையை யாரும் கவனிக்காட்டியும் பரவாயில்லை"ன்னாங்க. கட்டுரையும் நல்லாத்தான் இருந்தது. நவம்பர்ல அந்தக் கப்பல் நின்னு போச்சு. கட்டுபடியாகலையாம்.

ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்:

நான் சொல்லப்போவது ஓர் அமெரிக்க ஆய்வு மாணவியைப் பற்றி. மதுரையில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் வகுப்பில் தமிழ் படித்துவிட்டு, சுடலைமாடன் கோயில் கொடையும் வில்லுப்பாட்டும் பார்க்க இந்தப் பக்கம் வந்தவர். கருத்தரங்கில் துறைத்தலைவர் ஆங்கிலத்திலேயே பேச, அவர் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் நூலகத்துக்கு வந்து, அறுபதுகளில் திருநெல்வேலியில் அச்சான ஒரு சிறு நூலைக் கேட்டார். எங்களிடம் இல்லை. "பரவாயில்லை ஐயா, எங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இங்கே வேறு பதிப்பு இருக்குமோ என்றுதான் கேட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம்மூர் டவுனில் அச்சடித்த புத்தகம் கடல் தாண்டி எப்படிப் போனது?

அதன் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், மறு வருடமே ஒரு சட்டம் போட்டு அயல்மொழிப் படிப்புக்குப் பணத்தைக் கொட்டியது. மற்ற நாடுகளைப் பற்றிய வட்டார ஆய்வுத் துறைகள் அங்கே தழைத்தது அதனால்தான். அதற்கு முன்பே, 1954இல், பி.எல். 480 என்ற சட்டம் வந்திருந்தது. அதன்படி நமக்கு விற்ற கோதுமைக்கும் மைலோ என்ற சோளத்துக்கும் விலையை ரூபாயாகவே வாங்கிக்கொண்டார்கள். அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தங்கள் நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் ரேஷன் கடையில் வரிசையில் நின்று, மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்கித் தின்ற மைலோவுக்குக் கொடுத்த காசு புத்தகமாக மாறி அமெரிக்கா போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் நூலகங்களும் அப்போது ஒரு படி வாங்கி வைத்திருக்கலாம். இந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பேட்டை:

ஐயா, நீங்க பெரிய விசயம் சொல்லுதீய. நான் பாத்த பன்னாட்டுக் கருத்தரங்குல பன்னாடுங்கிறது ஜூம்ல வந்த ஒரு மலேசியாக்காரர்தான். அவருக்கும் நெட் கட்டாயிட்டு. கொரோனா சமயத்துல அதுவும் வேண்டாம்னு ஆயிட்டு, கூகுள் படிவத்தை நிரப்புனா இ-சர்டிபிகேட் வந்துரும். என்கிட்ட ஒரு கட்டு கிடக்கு.

செட்டிகுளம்:

கூடங்குளம் அணுமின் நிலையத்து ஆட்கள் குடியிருக்கிற அணுவிஜய் நகரியத்துக்குப் பக்கத்துல எங்க அப்பாவுக்குப் பழக்கடை. கூடங்குளத்துல வேலை பாக்க வந்த ரஷ்யாக்காரங்க வாடிக்கை. சின்ன வயசுலயே ரஷ்ய மொழியில காசு எண்ணப் பழகிட்டேன். சர்வதேச உறவு படிக்கணும்னு ஆசை வந்ததும் அந்தக் கடையிலதான்.

ஒரு கல்லூரியில இந்திய-ரஷ்ய உறவுன்னு கூட்டம். டெல்லியிலிருந்து வந்தவர் வரிசையாச் சொன்னார்: 1988ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளத்துக்காகப் போட்ட ஒப்பந்தம், 1991ல சோவியத் யூனியனே இல்லாமப் போனது, 1998ல மறுபடி பேசி முடிச்சது, 1,000 மெகாவாட் முதல் உலை 2014 டிசம்பர் கடைசியில வணிக உற்பத்திக்கு வந்தது. எல்லாம் சரிதான். கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையிலிருந்து வந்த ஒரு பிள்ளை கையைத் தூக்கிச்சு. "1988ல கையெழுத்துப் போட்டப்ப எங்க ஊர்ல யார்கிட்டயாவது கேட்டாங்களா சார்?" மேடையில இருந்தவர் உடனே தேநீர் இடைவேளைன்னுட்டார். எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. 2011லயிருந்து அந்த ஊரு அணு உலைக்கு எதிரா உண்ணாவிரதம் இருந்து கேட்ட கேள்விக்கு டீயும் பிஸ்கட்டும் பதிலா?

வந்திருந்த விருந்தினர்ல ஒரு வயசான ரஷ்யர். அவர் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கிட்டு அந்தப் பிள்ளைகிட்டயே வந்தார். அவரு சொந்த ஊரு நோவோவோரோனெஷ். கூடங்குளத்துல இருக்கே, அந்த வகை உலை 1964ல முதல்ல ஓடினது அங்கதான். "எங்க அப்பாகிட்டயும் யாரும் கேக்கல. ஆனா அவருக்கு அங்கயே வேலை கிடைச்சுது, அதனால அவரும் கேக்கல"ன்னார். அந்தப் பிள்ளை விடல. "எங்க அப்பாவுக்குக் கடல்ல ஏற்கெனவே வேலை இருக்கு"ன்னுச்சு. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கவும் அவர் தலையை ஆட்டிக்கிட்டே நின்னார். மேடையில நடந்த எதையும் விட அந்த டீ நேரப் பேச்சுதான் கருத்தரங்கு.

ஸ்ரீவைகுண்டம்:

பழங்காலத் தாழி புதைச்ச இடமான ஆதிச்சநல்லூர் பத்தி யாரும் எழுதலையே! கருத்தரங்கு முடிஞ்ச மறுநாள் வெளிநாட்டு விருந்தாளிகளை வேன்ல அங்க கூட்டிட்டுப் போறது நம்ம பக்கத்து வழக்கம். ஒரு தடவை ஜெர்மன் பேராசிரியை ஒருத்தங்க வந்தாங்க. அந்தப் பரம்பு மேட்டுல நின்னுக்கிட்டு அவங்களே விளக்கினாங்க: பெர்லின்காரர் ஜாகோர் 1876ல இங்க வந்து தோண்டினது, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போனது, அதுக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தது சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. இதெல்லாம் ஒண்ணா திருநெல்வேலி ஜில்லாவா இருந்த காலம். தூத்துக்குடி பிரிஞ்சது 1986லதானே.

வேன் டிரைவர் அண்ணாச்சி ஓரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்தார். "இந்தம்மா ஊர்லதான் நம்ம சாமான் இருக்கா? எப்பத் திருப்பித் தருவாவன்னு கேளுங்க தம்பி"ன்னார். நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவங்க சிரிக்கல. அது தன் கையில இல்லை, ஆனா அதைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, பெர்லினுக்கு வந்தா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்னு தாள்ல முகவரி எழுதிக் கொடுத்தாங்க.

அண்ணாச்சி தாளை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார். மஸ்கட்ல லாரி ஓட்டிட்டு வந்த ஆளு. "பாஸ்போர்ட் ரெடியாத்தான் இருக்கு. டிக்கெட்டு யார் எடுப்பான்னு அதையும் கேளுங்க."