கம்பஸா, ராஜகிரியவா?

கனகராயன்குளத்தான்:
தங்கச்சியின் மகளுக்கு யாழ்ப்பாணக் கம்பஸில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. அவளோ இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் கிராஜுவேட்சிப் படிக்க கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற ராஜகிரியவுக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். 1979 இல் தொடங்கிய நான்கு வருடப் படிப்பாம், முடித்தால் சிறப்புப் பட்டத்துக்குச் சமமாம். தகப்பன் வயல்காரர். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கட்ட வேண்டுமா? சொல்லுங்கோ.

முறிகண்டிக் கச்சான்:
இதுக்கு ஒரு விவாதமா? கம்பஸ் அனுமதியில் மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்று இருப்பதால்தான் வன்னிப் பிள்ளைகள் கம்பஸ் வாசலையே மிதிக்கிறார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு ராஜகிரியவில் போர்டிங் காசும் வகுப்புக் காசும் கட்டுவதா? மகாபொலப் புலமைப்பரிசிலும் போய்விடும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டதாரியா இல்லையா என்றுதான் கேட்பார்கள்.

அளவி:
கச்சான் அண்ணை, எந்தப் பட்டதாரி என்பதுதான் கேள்வி. மூன்று வருடப் பொதுப்பட்டத்தில் இரசாயனவியல் மூன்று பாடங்களில் ஒன்று. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எடுபடுவது பெறுபேற்றைப் பொறுத்தது, இன்றைக்கே யாரும் உறுதி தரமாட்டார்கள். ராஜகிரியவில் முதல் நாளிலிருந்தே இரசாயனவியல்தான்.

தொழில்சார் அமைப்பு ஒன்று படிப்பை மேற்பார்வை செய்வது புதுமையும் இல்லை. அமெரிக்க இரசாயனச் சங்கம் 1936 இலிருந்தே ஒரு குழு வைத்து இதைச் செய்கிறது. அங்கே ஒரே துறையில் படித்து வெளியே வருகிற இருவரில் ஒருவருக்குச் சங்கத்தின் சான்று இருக்கலாம், மற்றவருக்கு இல்லாமலும் போகலாம். 2015 வழிகாட்டியில், அந்தச் சான்றுக்கு அறிமுகப் பாடம் போக 400 மணித்தியாலம் ஆய்வுகூடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

நான் தண்ணீர் பரிசோதிக்கிறவன். கிணற்றுத் தண்ணீரின் வன்மை பார்க்கும் நியமிப்பில் (டைட்ரேஷன்) வைன் சிவப்பு நீலமாக மாறும். இடையில் ஊதாவாக நின்று மயக்கும். அந்த இடத்தில் அளவியின் (பியூரெட் குழாய்) திருகை அரைத் துளியில் நிறுத்தக் கை பழகியிருக்க வேண்டும். நான் படித்த இடத்தில் நான்கு பேருக்கு ஒரு அளவி. திருகைப் பிடித்தவன் எப்போதும் ஒருவன்தான், அது நானில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் பழகினேன்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
தம்பி, அது அளவிக்குத் தட்டுப்பாடு, பட்டத்தின் குறையில்லை. கம்பஸில் சிறப்புப் பட்டம் முடித்தவர்களும் அதே நிறுவகத்தில் உறுப்பினராகலாம், அனுபவத்தோடு பட்டய இரசாயனவியலாளரும் ஆகலாம். பிறகு எதற்கு இந்தச் சுற்றுப்பாதை? அங்கே படிப்பு முழுக்க ஆங்கிலம் என்பதையும் யோசியுங்கோ. கம்பஸிலும் ஆங்கிலம்தான், ஆனால் விளங்காததைத் தமிழில் கேட்க ஆளிருக்கும்.

பரந்தன் கிழவர்:
இரண்டு பக்கமும் சரிதான். படித்துவிட்டு வன்னியில் எங்கே வேலை? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் விட்டு, ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் கோஸ்டிக் சோடா எடுத்தோம். சவர்க்காரத்துக்குக் கோஸ்டிக் சோடாவும் குடிதண்ணீருக்குக் குளோரினும் வேண்டும். எண்பதுகளில் சண்டையோடு எல்லாம் நின்றுபோனது. அப்போது ஒரு பொடியன் சான்றிதழ் இல்லாமலே குளோரின் கசிவை மூக்கால் பிடிப்பான். (நல்ல பழக்கமில்லை, செய்யாதேயுங்கோ.)

முறிகண்டிக் கச்சான்:
அதைத்தான் ஐயா சொல்கிறேன். வேலை இல்லை, கடைசியில் ஆசிரியர் நியமனத்துக்குத்தான் வரிசையில் நிற்பாள். அதுக்குப் பொதுப்பட்டம் காணும்.

அளவி:
வவுனியாப் பக்கம் கிணறுகளில் புளோரைட்டு, எங்கள் கேத்திலில் வெள்ளைப் படை, கொக்கிளாய்க் கரையில் கனிய மணல். வேலை இருக்கிறது அண்ணை, பார்க்க ஆள்தான் இல்லை. கொழும்பிலிருந்து வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகிறார்கள், முடிவு எப்போது வரும் என்று நாங்கள் காத்திருக்கிறோம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
ஆசிரியர் வேலை என்றால் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா, கச்சான்? இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இரசாயனவியலுக்கு ஆள் தேடிப் பாருங்கோ, தெரியும். சரி, பிள்ளை ஏன் ராஜகிரிய என்கிறாள்? அதை யாரும் கேட்கவில்லையே.

கனகராயன்குளத்தான்:
பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். உயர்தரத்தில் செய்முறை முழுக்கக் கரும்பலகையில்தான் நடந்ததாம், இன்னொரு நான்கு வருடம் அப்படிப் போகக்கூடாதாம். இரண்டு இடத்திலும் ஒரு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஆய்வுகூடம், எத்தனை பேருக்கு ஒரு அளவி என்று கேட்கச் சொல்கிறாள். அளவி தம்பி, இரண்டு பக்கத்திலும் படிக்கிற பிள்ளைகள் யாரையும் தெரியுமா? பதிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி.